பவுனம்மாளின் கை நடுக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இளம்பரிதி என்று ஒரு டைரக்டர் தம்பி வீட்டுக்கு வந்தார். முதல் படமாம். முகம் முழுக்கத் தாடி, அதனால் வயது தெரியவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். "அக்கா, நீங்கதான் என் பவுனம்மா. வேற யாரையும் நான் யோசிச்சுக்கூடப் பாக்கல" என்றார். ஏற்கெனவே மூன்று பேரைக் கேட்டு, அவர்கள் முடியாது என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வருகிறார் என்று மேனேஜர் காலையிலேயே போனில் சொல்லியிருந்தார். ரொம்ப சந்தோஷம் தம்பி என்றேன்.

பவுனம்மாள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவள். குடிப்பாள். படம் முழுக்கக் குடிக்கிறாள், நடுவில் விடப் பார்க்கிறாள், கடைசியில் சாகிறாள். அவள்தான் கதாநாயகி. அந்த மூன்று பேரும் குடிக்கிற பொம்பளையாக நடித்தால் இமேஜ் கெட்டுவிடும் என்றார்களாம். எனக்கு அந்தக் கவலை இல்லை. கெடுவதற்கு முதலில் இமேஜ் என்று ஒன்று இருக்க வேண்டும்.

இருபத்தாறு வருஷமாக நான் குடிகாரர்களின் அம்மா, குடிகாரர்களின் பெண்டாட்டி. கதவைத் திறந்து, "இன்னைக்கும் குடிச்சுட்டு வந்துட்டியா" என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன். உடனே கேமரா குடித்தவன் முகத்துக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக்கு இந்த ஜெயக்கொடியின் முதுகுதான் நன்றாகத் தெரியும். இந்தப் படத்தில் கேமரா என் முகத்தை விட்டு நகராது என்று அந்தத் தம்பி சொன்னார். சொன்னதும் எனக்கு மார் படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, சம்பளம் குறைந்துவிடும்.

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர், குணசீலன். தொண்ணூறுகளில் படம் பார்த்தவர்களுக்கு 'விக்கல்' குணா என்றால் தெரியும். தபால் பெட்டியைப் போலீஸ்காரர் என்று நினைத்து சல்யூட் அடிப்பார், ஒரு விக்கல், தியேட்டர் முழுக்கச் சிரிப்பு. அந்தக் காலத்தில் இவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஷூட்டிங்கில் பாட்டிலில் பால் இல்லாத டீயை ஊற்றிக் கொடுப்பார்கள். அதையே சர்க்கரை அதிகம் என்று திருப்பிக் கொடுப்பார். வாய்ப்பெல்லாம் நின்ற பிறகுதான் நிஜ பாட்டில் வந்தது. அது வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

ஜூன் 5, வியாழன்

இன்றும் சின்ன வெங்காயம் ஒரு கிலோ உரித்து வைத்திருக்கிறார்.

குடித்தால் இவருக்குக் கண் சிவக்கும். சிவந்த கண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும். அதனால் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "கண்ணு எரியுது கொடி" என்பார். "ஃபேன போட்டுக்குங்க" என்பேன். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார், வெங்காய வத்தக்குழம்பு, வெங்காய ஊத்தப்பம். மீந்ததைக் கீழ் வீட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுவேன். இந்த மாதிரிப் புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஜூன் 11, புதன்

காலையில் இவர் எனக்குக் குடிகாரர் வேஷம் சொல்லிக்கொடுத்தார். காலை நேரம் என்பதால் தெளிவாக இருந்தார்.

"போதை முழங்கால்ல ஆரம்பிக்கணும் கொடி. மேல போகப் போக லேசாகணும். தலை பலூன் மாதிரி தானா ஆடணும், நீ ஆட்டக் கூடாது" என்றார். ஹாலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து காட்டினார். டிவி ஸ்டாண்டுக்கு வழிவிட்டு வணக்கம் சொன்னார். கடைசியில் அந்த விக்கல். வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நேரத்தில் இவர் முகத்தில் பழைய குணா இருந்தார்.

"இத நீ எடுத்துக்க. எனக்கு இனிமே எதுக்கு" என்றார். சரிங்க என்றேன்.

ஷூட்டிங்குக்குக் கார் அனுப்பவா என்று கம்பெனியிலிருந்து கேட்டார்கள். வேண்டாம், எங்கள் கேட்டைத் திறந்தாலே ஆட்டோ ஸ்டாண்ட், ராத்திரி பகல் இல்லாமல் வண்டி நிற்கும், ஆட்டோ காசை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

ஜூன் 23, திங்கள்

முதல் நாள். பூஜை போட்டார்கள். நான் இவர் சொல்லிக்கொடுத்த நடையை நடந்தேன். முழங்கால், பலூன், விக்கல் எல்லாம்.

இளம்பரிதி பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "நல்லாருந்துச்சுக்கா" என்றார். நல்லா இருந்தால் இவர்கள் குந்தி உட்கார மாட்டார்கள். "ஆனா பழைய காமெடி சீன் மாதிரி இருக்கு. நெஜமா குடிக்கிறவங்கள பக்கத்துல பாத்திருக்கீங்களாக்கா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன்.

சாப்பாடு முடிந்ததும் ஆர்ட் டிபார்ட்மெண்டில் கொஞ்சம் சின்ன வெங்காயமும் ஒரு முறமும் கேட்டேன். பவுனம்மாளின் மகன் வேலை முடிந்து வருகிற காட்சி. நான் வண்டிக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். ஆடவில்லை. தள்ளாடவில்லை. தோல் ஒன்றுகூட முறத்தை விட்டு வெளியே விழாமல் பார்த்துக்கொண்டேன். மகன் கேட்டதற்கு அளவுக்கு மேல் தெளிவாகப் பதில் சொன்னேன். கேட்காத கேள்விக்கும் ஒரு பதில் சொன்னேன். நிமிரும்போது, "கண்ணு எரியுதுப்பா" என்றேன்.

கட் சொன்னார்கள். லைட் பிடிக்கிறவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டிலும் யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறது.

"எங்கருந்துக்கா வந்துச்சு இது?" என்று இளம்பரிதி கேட்டார்.

"தோணுச்சு தம்பி."

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார். "விக்கல் போட்டியா?"

"போட்டேன்."

"சிரிச்சாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

சந்தோஷமாகத் தலையாட்டினார். முறம் மடியில் இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் விக்கலைப் பற்றிக் கேட்டார். இன்றும் சிரித்தார்கள் என்றேன்.

ஜூன் 28, சனி

நான் மாமியாராக வருகிற டிவி சீரியலின் ஷூட்டிங். பவுனம்மாளுக்காக நான் தேதி இல்லை என்று சொன்னதால் கதாசிரியர் என்னை மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கோமாவில் போட்டிருக்கிறார். மாதம் ஒருநாள் போய் மூக்கில் குழாயோடு படுத்துவிட்டு வந்தால் போதும். இன்று மருமகள் என் காலடியில் அழுதாள். நடுவில் தூங்கிவிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

கடைசி ஷெட்யூலைப் பற்றி இளம்பரிதி பேசினார். பதினேழாம் தேதி எடுக்கப்போகிறார்கள். பவுனம்மாள் குடியை விட்ட மூன்றாவது நாள். ஒரே ஷாட். வெட்டி ஒட்டுவது கிடையாது, பின்னால் பாட்டு கிடையாது, வசனம்கூடக் கிடையாது.

"கையி, ஒடம்பு, அவ்வளவுதான்க்கா. குடிக்காம இருக்கற ஒடம்பு என்ன பாடு படும்னு காட்டணும். படமே இதுலதான் நிக்குது. நடிக்கிறீங்கன்னு தெரிஞ்சா போச்சு."

வீட்டில் தம்ளரை வைத்துக்கொண்டு பழகிப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் குளிரில் நடுங்குகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு விதமாக நடுங்கினேன். பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கிறது.

இவர் குடித்து எனக்குத் தெரியும். விட்டு எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட விட்டதில்லை.

ஜூலை 5, சனி

குன்றத்தூர் தாண்டி ஒரு முனீஸ்வரன் கோவில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆறு மாசம், ஒரு வருஷம், ஆயுசுக்கும் என்று அவரவர் சக்திக்குத் தக்கபடி தவணை. தவணை முடிந்தால் போய் அவிழ்த்துக்கொள்ளலாம். கயிறு இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்குவார்களாம். நாளைக்குப் போகலாமா என்று இவரிடம் கேட்டேன்.

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "ஒம்போது வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கற" என்றார்.

கேட்காமலா இருந்திருப்பேன் என்று யோசித்தேன். கேட்டதில்லைதான்.

"நீயே கேட்டுட்ட. போலாம்" என்றார்.

ஓசூரில் இருக்கிற மகள் சுடருக்கு போன் செய்து சொன்னேன். போனிலேயே அழுதாள். "உன்ன மாதிரி யாரும்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "டாக்டர் கிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாள். கேட்டேன் என்றேன். தெருமுனை டாக்டர் போன வருஷம் என்னிடம் ஏதோ சொன்னார். நிறுத்துவதென்றால் தன்னிடம் அழைத்து வரச் சொன்னார், மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும், வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்றார். டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்வார்கள்.

ஷூட்டிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பதினேழாம் தேதிக்கு முன்னால் எனக்கு ஓய்வு கிடைப்பது இந்த வாரம்தான், அதனால் நாளைக்கே போகிறோம்.

ஜூலை 6, ஞாயிறு

கோவிலில் நல்ல கூட்டம். ஆம்பளைகள் எல்லாம் குளித்து, விபூதி பூசி, பரீட்சைக்கு வந்தவர்கள் போல நின்றார்கள். பெண்டாட்டிகள் பக்கத்தில் காவல். ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க கோமாவுல இல்ல இருக்கீங்க, எந்திரிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

பூசாரி கயிற்றை எடுத்து, "எத்தன நாளைக்கு?" என்றார். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, "ரெண்டு மாசம்" என்றேன்.

"ரெண்டு மாசத்துக்கெல்லாம் இங்க யாரும் கட்டறதில்லம்மா."

"மொதல்ல ரெண்டு மாசம் பாக்கலாங்க" என்றேன். பூசாரி தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டினார்.

சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். இவர் இரண்டு தொன்னை சாப்பிட்டார். ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் இப்படிப் பிடிப்பார். இன்று அந்தக் கையில் இன்னும் நடுக்கம் இல்லை. எப்போது ஆரம்பிக்கிறது என்று தெரிய வேண்டும், அதனால் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து வேர்வை. இரண்டு பனியன் மாற்றியாயிற்று. சாப்பாடு இறங்கவில்லை.

நடுக்கம் விரல் நுனியில் இல்லை. நான் அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. மணிக்கட்டுக்கு உள்ளே எங்கேயோ ஆரம்பிக்கிறது. இவர் அதை என்னிடமிருந்து மறைக்கப் பார்க்கிறார். தம்ளரைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்க்கிற மாதிரி இருக்கிறார். குடிக்கும்போது தம்ளர் வாய்க்கு வருவதில்லை. தலைதான் தம்ளருக்குப் போகிறது.

நாக்கும் நடுங்குகிறது. பேசும்போது 'ர' வரவில்லை.

"பயமா இருக்கு கொடி" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். இருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மதியத்துக்கு மேல் சுவரோரம் யாரோ நிற்கிறார்கள் என்றார். சட்டையில் இல்லாத எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"பெல் அடிச்சாச்சா?"

"என்ன பெல்லுங்க?"

"ரெண்டாவது பெல்லு. நான் இன்னும் மேக்கப்பே போடல. ஆளுங்க வந்து உக்காந்துட்டாங்க பாரு."

சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் இவர் சபா நாடகங்களில் இருந்தார். ஹாலில் நாற்காலி நாற்காலியாக ஆட்கள் தெரிந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருந்த யாருக்கோ கும்பிடு போட்டார். அப்புறம் முகத்துக்குப் பவுடர் போட ஆரம்பித்தார். வெறும் கைதான். அந்தக் கை முகத்தில் ஒரு இடத்தில் நிற்காமல் கன்னத்துக்கும் காதுக்கும் போய்க்கொண்டே இருந்தது. நான் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இவருக்குக் காபி வைத்தேன், ஆடை படிந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு வைத்தேன். அதிலும் ஆடை படிந்தது. அழகாக இருந்தது என்று எழுதினால் தப்பாகப் போய்விடும்.

அப்புறம் வலிப்பு வந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். பல்லைக் கடித்ததில் உதட்டில் ரத்தம். நான் கத்திய கத்தலில் ஸ்டெல்லா ஓடி வந்தாள். கை கால் ஓடவில்லை எனக்கு. போய்விடுவார் என்றே நினைத்தேன்.

ஆட்டோ கிடைக்க நேரமாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

ஐ.சி.யூ.வில் இருக்கிறார். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். "இப்படித் திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எப்படி இருந்தார் என்றாள். வேர்வை, மணிக்கட்டு, நாக்கு, எறும்பு, பெல் என்று வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க நர்ஸா இருந்தீங்களா? இவ்வளவு தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க."

ஜூலை 10, வியாழன்

சுடர் வந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு, "நீ பக்கத்துல இல்லேன்னா அப்பா இல்லம்மா" என்றாள். ஆட்டோ கிடைக்காததைச் சொன்னேன். போய்க் கேண்டீனில் ஏதாவது சாப்பிடு என்று அனுப்பி வைத்தேன். தனியாக இருக்க வேண்டும் போல இருந்தது.

ஜூலை 14, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார். கயிறு மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்குகிறது. மாத்திரைகள் மூன்று வேளைக்கும் இருக்கின்றன. இனிமேல் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

"பொங்கல் சாப்பிட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்ல கொடி. உன்ன ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஒரே டேக்.

இளம்பரிதிக்கு கட் சொல்ல வரவில்லை. கேமராமேன்தான் கையைத் தூக்கினார். அப்புறம் இளம்பரிதி வந்து என் காலைத் தொட்டார். தாடியெல்லாம் ஈரம். வசனமே இல்லாத ஷாட்டில் நான் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறேன். "துணியெல்லாம் குடுத்தாச்சா? நான் இன்னும் பெட்டிக்குக் கரியே போடல. ஆளுங்க வந்து நின்னுட்டாங்க பாரு." அதுவும் இருக்கட்டும், நீக்க வேண்டாம் என்றார்கள்.

எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தோணுச்சு என்று சொல்லியிருப்பேன்.

ஜூலை 19, சனி

பவுனம்மாள் செத்துப்போனாள். மாலையெல்லாம் போட்டு, நெற்றியில் காசு வைத்து, நன்றாகவே செய்தார்கள். பிணமாக நடித்தால் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கு ஆகாது என்று ஒரு வழக்கம். நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். இன்று, "அக்கா, கொஞ்சம் நல்லா சிரிங்கக்கா" என்று மறுபடி மறுபடி கேட்டு எடுத்தார்கள். லைட் கண்ணில் அடித்தது.

பூசணிக்காய் உடைத்தார்கள். படம் முடிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெங்காயம் உரிக்க ஆளில்லை. முருங்கைக்காய் போட்டு சாம்பார் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

இவர் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. காலையில் பால் வாங்கப் போகிறார். பேப்பரைச் சத்தமாகப் படித்து என் உயிரை வாங்குகிறார். ஸ்டெல்லா வந்து, "என்ன சார், வெங்காயமே வர்றதில்ல?" என்று கேட்டாள். "ரிடையர் ஆயிட்டேம்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு ஆள் என்னோடுதான் இருந்தார் என்பதே மறந்துபோயிருந்தது.

எல்லாம் நல்லதற்குத்தான் முடிந்திருக்கிறது. யார் எதற்காக ஆரம்பித்தால் என்ன.

செப்டம்பர் 4, வியாழன்

டப்பிங். தானும் வருவேன் என்றார் இவர். வேண்டாம், ஏ.சி. ஒத்துக்காது என்றேன். "அந்த ரூம்ல நான் பத்து வருஷம் வெறுமனே விக்கியிருக்கேன். எனக்கு ஒத்துக்காத ஏ.சி.யா" என்று சட்டை மாட்டிக்கொண்டார். இன்று முதல் பாதிதான் இருக்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

டப்பிங்கில் ஒரு துண்டுக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், உதட்டுக்குக் குரல் பொருந்துகிற வரைக்கும். நான் உள்ளே மைக் முன்னால். இவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சவுண்டு என்ஜினியர் பக்கத்தில் சோபாவில்.

முதலில் வெங்காயம் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். திருடி என்று வாயசைத்தார். விக்கல் எங்கே என்று கேட்கவே இல்லை. அவ்வளவு பெரிய மனசு.

மத்தியானத்துக்கு மேல் இளம்பரிதி, "அக்கா, குரல் நல்லா செட் ஆயிருக்கு. அந்த சிங்கிள் ஷாட்டையும் இன்னைக்கே முடிச்சிரலாம்" என்றார். முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

திரையில் நான் தம்ளருக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சை மட்டும்தான் பேச வேண்டும், அப்புறம் அந்த ஒரு வசனம். மூச்சு பொருந்தவே இல்லை. ஒன்மோர், ஒன்மோர் என்று ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் தலை தம்ளருக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் ஆளுங்க வந்து நின்றார்கள். ஒரு தடவை கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். இவர் திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். இவர் தொழில் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தார்.

"தலை கீழ போகுதே, தம்ளர் மேல வராம. அது பிரமாதம்."

"ம்."

"ஒரு தடவ பாத்தா அது புரியாது கொடி. யாரா இருந்தாலும் மொதல்ல கையத்தான் பாப்பாங்க. கைய விட்டுட்டுத் தலைக்கு வரணும்னா ரொம்ப நேரம் எதுத்தாப்புல உக்காந்து பாத்திருக்கணும்."

நான் வெளியே பார்த்தேன். கோயம்பேடு பக்கம் பாலத்துக்குக் கீழே வண்டி நின்றுவிட்டது.

"எவ்வளவு நேரம் பாத்த?"

முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

"ஆட்டோ கெடைக்கலன்னு சுடர் கிட்ட சொன்னியாம்."

கேட்டில் இறங்கினோம். ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், பால் வாங்கி வந்தார். பேப்பரை மனசுக்குள் படித்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. திட்டினால் அழுதிருப்பேன், அழுவது எனக்குக் கைவந்த வேலை. சும்மா இருக்கிற ஆள் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியவில்லை.

சீரியலில் என்னைக் கோமாவிலிருந்து எழுப்பப் போகிறார்களாம். இளம்பரிதியின் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறொரு டைரக்டரும் போன் செய்தார். பக்கவாதம் வந்த பெண்மணி வேஷமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்றோடு கயிற்றின் தவணை முடிந்தது. நான் வைத்த தவணை.

விடிந்ததும் இவர் குளித்துவிட்டுத் தனியாகக் கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "கோவிலுக்கு" என்றார். நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவிழ்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போவார் என்று நினைத்தேன். போனால் கேட்க எனக்கு வாயில்லை. கேட்டில் நின்று நின்று பார்த்தேன். இதுவரைக்கும் இவர் குடித்துவிட்டு வருவாரோ என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. வருவார் என்று தெரியும், அதனால் பயமில்லை. இன்று பயந்தேன். சினிமாவில் கதவைத் திறக்கிறபோதெல்லாம் நான் காட்டியது பயமே இல்லை, அது வேறென்னவோ.

முக்குக் கடையில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வந்து, முறத்தில் கொட்டி, இவர் உட்காருகிற இடத்தில் வைத்தேன். அப்படி வந்தால் உரிக்க வேண்டியிருக்குமே என்றுதான்.

வெயில் ஏறிய பிறகு வந்தார். நடையைப் பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. முறத்தைப் பார்த்தார், எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காலால் ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கையில் புதுக் கயிறு.

"எவ்வளவு நாளைக்கு?" என்றேன்.

"ஆயுசுக்கும்."

சட்டைப் பையிலிருந்து இன்னொரு கயிற்றை எடுத்தார். "கைய நீட்டு."

"நான் குடிக்கறதில்லையேங்க."

"தெரியும். பூசாரியும் அதத்தான் கேட்டாரு."

"பின்ன நான் எத விடணும்?"

"என்னைப் பாக்கறத" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கையை நீட்டினேன். குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். அப்போது இவருடைய மூக்கோரம் லேசாகத் துடித்தது, அப்புறம்தான் கீழுதடு ஒரு பக்கமாக உள்ளே போனது. அழுகையை அடக்குகிறவர்கள் முதலில் வாயை இறுக்குவார்கள் என்றுதான் இருபத்தாறு வருஷமாக நான் செய்துகொண்டிருக்கிறேன், அப்படி இல்லை, முதலில் மூக்குதான் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று உறைத்தது. முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

கயிறு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சொல்லவில்லை.